கட்சிக்காரருக்கு ஒரு வாசல்

“எதை எடுக்கிறதுன்னே தெரியலைம்மா” என்றார் வக்கீல் தெய்வசிகாமணி. “மாசக்கணக்கா பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுது.”

உமையாள் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எதை?”

“சாஃப்ட்வேரை.”

அம்மை தலையை ஆட்டினார். ஒரு கட்டுக் கீரையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது அம்மையின் குடில்; துறவியான அவரிடம் யார் வந்தாலும் சோறும் தங்க இடமும் உண்டு. சிகாமணி மதுரையில் குடும்ப வழக்குகள் நடத்துகிறவர். யோசனை கேட்க ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவார். அம்மை வயதில் அவரைவிட மிகவும் இளையவர். முதலில் அது அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு மறந்துபோனது.

அவர் கீரையைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் ஆயவில்லை. பேசினார்.

அவருடைய கட்சிக்காரர் ஒரு பெண். வினோதினி. அடிக்கிற புருஷனை விட்டுக் குழந்தையோடு வெளியே வந்தவள். ஊரின் இன்னொரு மூலையில் வீடு பிடித்து, அந்த வீட்டு ஒப்பந்தத்தை வாட்ஸப்பில் வக்கீல் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாள். அலுவலகத்தில் கை தவறி அது எதிர்த்தரப்பு வக்கீலின் எண்ணுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே புருஷன் அந்தத் தெருவில் வந்து நின்றான்.

அவள் பின்வாசல் வழியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது தோழி வீட்டில் இருக்கிறாள். பைபாஸ் பக்கம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால்.

“திட்டியிருந்தா பரவாயில்லைம்மா” என்றார் சிகாமணி. “திட்டலை. இனிமே எதையும் அனுப்ப மாட்டேன் சார்னு மட்டும் சொன்னா.”

குழந்தை யாரிடம் இருப்பது என்று தீர்மானிக்கிற வாய்தா நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் காகிதங்களைத் தந்தால்தான் மனு நிற்கும். போனில் அனுப்ப அவளுக்குப் பயம். நேரில் வரலாம் என்றால், அலுவலகத் தெருவில் புருஷனின் ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால்தான் போர்ட்டல் வைக்க முடிவெடுத்தார் சிகாமணி. ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் இணையத்தில் தனியாக ஒரு வாசல். அவரவர் உள்ளே போய் அவரவர் காகிதத்தை மட்டும் பார்க்கலாம், வைக்கலாம். வாட்ஸப்பே வேண்டாம்.

முடிவெடுத்தது சுலபமாக இருந்தது. எந்தப் போர்ட்டல் என்பதில்தான் சிக்கிக்கொண்டார். ஒன்றில் போனிலேயே கையெழுத்துப் போடலாம். ஒன்றில் வாய்தா தேதிகள் தானாக ஏறும். ஒன்றில் வீடியோவில் பேசலாம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றை விட்டுவிட்டோமே என்று இருந்தது. தொழில் கூட்டாளி ரெஜினா, ஏதாவது ஒன்றை எடுங்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை வாட்ஸப் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?” என்று கேட்டார் அம்மை.

சிகாமணியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. போனை எடுத்துக் காட்டினார். சோதனைக்காக அதில் தன்னையே ஒரு கட்சிக்காரராகப் பதிந்து வைத்திருந்தார். இருப்பதிலேயே பெரியது அதுதான் என்றார். எது நடந்தாலும் அந்த நிமிஷமே சொல்லிவிடும். மெயிலில் சொல்லும், எஸ்எம்எஸ்ஸில் சொல்லும், போன் திரையில் சொல்லும். என்ன காகிதம், யாருடையது, எல்லாம் விவரமாக.

“நல்லா பேசுமா?”

“ஓயாம பேசும்மா.”

அம்மை அவர் கையிலிருந்த கீரையை வாங்கித் தானே ஆய்ந்து முடித்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குப் படலைத் திறந்துகொண்டு ஒருவன் வந்தான்.

மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்தியிருந்தான். தேய்த்த சட்டை, பணிவான பேச்சு. தன் தங்கையைத் தேடி வந்ததாகச் சொன்னான். வீட்டில் ஒரு சின்ன மனஸ்தாபம், கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், இந்தப் பக்கம் வந்ததாக யாரோ சொன்னார்கள் என்றான். போனில் ஒரு படத்தை நீட்டினான்.

அம்மை படத்தைப் பார்க்கவில்லை.

“கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்.”

“இல்லைங்கம்மா, வந்தாளா இல்லையான்னு மட்டும்…”

“இங்க வர்றவங்களைப் பத்தி நான் பேசறதில்லை.”

“அப்படின்னா இங்கதான் இருக்கா.”

“நாளைக்கு யாராவது வந்து உங்களைப் பத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.”

அவன் அம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் ‘ஆம்’ என்பதும் இல்லை, ‘இல்லை’ என்பதும் இல்லை. கோபமும் இல்லை. வெயிலில் வந்தவனைச் சாப்பிடக் கூப்பிட்ட முகமாகவே அது இருந்தது.

அவன் கை கழுவிக்கொண்டு வந்தான். சிகாமணிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான்.

மூவரும் சாப்பிட்டார்கள்.

அந்த மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அப்போது கிடைத்தது. சிகாமணியின் இலைக்கு அருகே தரையில் கிடந்த போன் சத்தத்தோடு வெளிச்சமாயிற்று. பெரிய எழுத்தில் ஒரு வரி.

வினோதினி: புதிய முகவரிச் சான்று பெறப்பட்டது.

ரெஜினா அலுவலகத்தில் உட்கார்ந்து, போர்ட்டல் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். சிகாமணி பதிந்திருந்த அந்தக் கணக்கில் கைக்குக் கிடைத்த பெயரைப் போட்டிருக்கிறார்.

பக்கத்தில் இருந்தவனின் கண் கீழே போனது. வரியைப் படித்தது. மேலே வந்தது.

சிகாமணி சோற்றுக் கையோடு போனைக் கவிழ்த்தார்.

இவன் வினோதினியின் புருஷன் இல்லை. அது அவருக்குத் தெரியும். இவனுக்கு வினோதினி யாரென்றே தெரியாது. ஆனாலும் அவர் போன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் கையில் இருக்கிற போனும் இப்படித்தான் எங்கேயாவது கிடக்கும். பக்கத்தில் யாராவது இருப்பார்கள்.

பிசைந்த சோறு இலையிலேயே கிடந்தது. காலையில் தானாகவே அந்தப் பெண்ணின் பெயரையும், அவள் இருக்கிற இடத்தையும், பெட்ரோல் பங்கு வரைக்கும் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் கேட்கவில்லை. அம்மைகூடக் கேட்கவில்லை.

வந்தவன் சாப்பிட்டு எழுந்தான். மறுபடி ஒரு தடவை கேட்டுப் பார்க்க நினைத்தவன்போல நின்றான். பிறகு கும்பிட்டுவிட்டுப் போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சிகாமணி அம்மையின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்தத் தங்கச்சி இங்கதான் இருக்காங்களாம்மா?”

அம்மை அவரைப் பார்த்தார்.

“மோர் ஊத்தட்டுமா?”

சிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. இலையில் சோற்றைக் குழித்துக் காட்டினார். மோர் சோறு முழுவதும் சாப்பிட்டார்.

மறுநாள் ரெஜினா வந்ததும், இதுவரை ஒப்பிட்டுப் பார்த்ததையெல்லாம் ஓரமாக வைக்கச் சொன்னார். கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார்கள். கேட்டது ஒரே கேள்வி. உங்கள் போர்ட்டல் வெளியே என்ன சொல்லும்?

எல்லாரும் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். எல்லாம் சொல்லும் சார் என்றார்கள். வேண்டாமென்று நிறுத்தி வைக்க முடியுமா என்று ரெஜினா கேட்டபோது சிலர் முழுதாக நிறுத்த முடியாது என்றார்கள், சிலர் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

ஒரு சின்னக் கம்பெனிக்காரர் மட்டும் தயங்கினார். எங்களுடையதில் அது ஒரு குறைதான் சார், கட்சிக்காரரின் பெயரோ காகிதத்தின் பெயரோ வெளியே வராது, புதிதாக ஒன்று இருக்கிறது என்று மட்டும்தான் வரும், அதையும் நிறுத்திவிடலாம், நிறையப் பேர் இது போதாது என்கிறார்கள் என்றார்.

வீடியோ உண்டா என்று ரெஜினா கேட்டார். இல்லை.

போனிலேயே கையெழுத்து? அதுவும் இல்லை.

ரெஜினா சிகாமணியைப் பார்த்தார். சிகாமணி தலையசைத்தார்.

வினோதினிக்கு விஷயம் சொல்லியாக வேண்டும். அவளை அலுவலகத்துக்கு வரச் சொல்லவில்லை. ரெஜினா அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய், மதிய இடைவேளையில் ஒரு காலி வகுப்பறையில் அவளோடு உட்கார்ந்தார். அவள் போனில் போர்ட்டலைத் திறந்து காட்டினார்.

அவள் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒன்றுதான் கேட்டாள்.

“இது என் மெயிலுக்கு ஏதாவது அனுப்புமா மேடம்? என் மெயில் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும். மாத்தினா சந்தேகம் வருமேன்னு அப்படியே விட்டிருக்கேன்.”

ரெஜினா இதை வந்து சொன்னபோது சிகாமணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கையெழுத்தைப் பார்த்திருந்தார், வீடியோவைப் பார்த்திருந்தார், தேதி தானாக ஏறுவதைப் பார்த்திருந்தார். ஓயாமல் பேசுகிற அந்தப் பெரிய போர்ட்டலை மட்டும் எடுத்திருந்தால், வினோதினி வைக்கிற ஒவ்வொரு காகிதத்தின் பெயரும் அவள் புருஷன் கண்ணுக்குப் போயிருக்கும்.

“என்ன சொன்னீங்க?” என்று ரெஜினாவைக் கேட்டார்.

“மெயிலே கேட்காது, அறிவிப்பையும் நிறுத்தியாச்சு, வெளிய ஒண்ணும் சொல்லாதுன்னேன். சரின்னு தலையாட்டினா. அவ்வளவுதான் சார்.”

அந்த வாரம் போர்ட்டலில் ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரத் தொடக்கத்திலும் வரவில்லை. சிகாமணி நாள் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தார். அவசரப்படுத்திப் போன் போடலாமா என்று ரெஜினா கேட்டார். வேண்டாம் என்றார்.

ஒரு நாள் காலையில் குழந்தையின் பள்ளிச் சான்று வந்திருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வந்தன. மறுநாள் அவளுடைய சம்பளச் சான்று. மனுவுக்கு வேண்டியது எல்லாம் சேர்ந்துவிட்டது. வாய்தாவில் மனு நின்றது. தீர்ப்பு வரும்வரை குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்று நீதிபதி சொன்னார். வினோதினி கோர்ட் வராந்தாவில் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை போர்ட்டலில் இன்னொன்று வந்தது. யாரும் கேட்காதது. வழக்குக்கும் அது அவசரமில்லை.

சிகாமணி திறந்தார். வாடகை ஒப்பந்தம். வினோதினி புதிதாக வீடு பார்த்திருக்கிறாள். கதவு எண், தெரு, எல்லாம் இருந்தது. கீழே அவளே ஒரு வரி எழுதியிருந்தாள்.

‘உங்ககிட்ட இருக்கட்டும் சார்.’

சிகாமணி அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடிலுக்குப் போனார். அம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சிகாமணி பக்கத்தில் அமர்ந்து, கேட்காமலே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார்.

நிறைய நேரம் கழித்து அம்மை கேட்டார்.

“என்ன செய்தி, வக்கீல் ஐயா?”

சிகாமணி ஒரு வெண்டைக்காயின் காம்பை நறுக்கித் தள்ளினார்.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைம்மா.”

“நல்லது” என்றார் அம்மை.