இரண்டு வீசை இளைத்த வைத்தியர்

முன்னொரு காலத்தில், மழை மறந்துபோன மேட்டுநாடு ஒன்றை வேழவர்மன் என்ற மன்னன் ஆண்டு வந்தான். ஊர் இளைத்தது. மன்னன் மட்டும் பெருத்துக்கொண்டே போனான்.

"சோறுதான் பகை, மன்னா," என்றார் அரண்மனை வைத்தியர் திருமேனி. "சோற்றை விட்டு இறைச்சியும் நெய்யும் உண்ணுங்கள். அளவைக் குறைக்கவே வேண்டாம். உடம்பு தானே கரையும்."

"சோறு வேகும் வாசனை வந்தால் என்னால் விட முடியாதே?"

"களஞ்சியங்களை எரித்துவிடலாம்."

மந்திரி காரிநம்பிக்குக் கணக்குத் தெரியும். மிஞ்சியிருந்தவை இரண்டே களஞ்சியங்கள். கீழூருக்கு ஒன்று, மேலூருக்கு ஒன்று. ஆனால் இந்தச் சபையில் 'கூடாது' என்று சொன்ன யாரும் உயிரோடில்லை.

"அருமையான யோசனை," என்றார். "முதலில் வைத்தியரே செய்து காட்டட்டும். மன்னர் உண்ணும் அளவு, சோறில்லாமல், நாற்பது நாள்."

"அதற்கென்ன," என்று வைத்தியர் மீசையை நீவினார்.

எட்டாம் நாள் தராசில் அவர் இரண்டு வீசை குறைந்திருந்தார். மன்னனுக்குப் பொறுக்கவில்லை. அன்றே கீழூர்க் களஞ்சியம் எரிந்தது.

மறுநாள் காரிநம்பி வைத்தியரின் காவலனைச் சபைக்கு அழைத்தார். "ஏனப்பா, உங்கள் ஐயா எத்தனை தரம் கொல்லைப்பக்கம் போனார்?"

"கணக்கே இல்லைங்க. செம்பு தூக்கியே என் கை ஓய்ந்துபோச்சு."

சபை சிரித்தது. மந்திரி சிரிக்கவில்லை. "போனது நீர், மன்னா. கொழுப்பு அங்கேயே இருக்கிறது. மீதி நாளும் பாருங்கள். நான் சொல்வது பொய்யானால் அடுத்த களஞ்சியத்தோடு என்னையும் எரியுங்கள்."

நாற்பதாம் நாள் நிறுத்தார்கள். போன இரண்டு வீசையும் திரும்பியிருந்தது, கூடவே இன்னொன்று.

"அரண்மனை அளவு அதிகம்," என்று வைத்தியர் குழறினார். "கொஞ்சம் குறைத்துத் தின்றிருந்தால்..."

"குறைத்துத் தின்றால் சோற்றிலும் இளைக்கலாம், வைத்தியரே. கீழூரார் கஞ்சியைத் தவிர வேறு கண்டதில்லை. அவர்களில் பருத்த ஆள் ஒருவரைக் காட்டுங்கள்."

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தான். "மேலூர்க் களஞ்சியத்தில் பாதியைக் கீழூருக்கு அனுப்புங்கள். மூட்டைகளை வைத்தியர் சுமக்கட்டும். அதில் உடம்பு கரைகிறதா பார்ப்போம்."

காரிநம்பி வைத்தியரோடும் மூட்டைகளோடும் கீழூர் போய்ச் சேர்ந்தார். களஞ்சியம் இருந்த இடத்தில் ஒரு பெண் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையை வைத்துவிட்டு எழுந்து மூட்டைகளைப் பார்த்தாள்.

"எத்தனை வீட்டுக்குங்க?"

"நூறு வீட்டுக்கும்தான், அம்மா."

"இவ்வளவு வேண்டாங்க," என்றாள். "முப்பது வீட்டுக்கு இறக்கினால் போதும். அவ்வளவு வீட்டில்தான் இன்னும் ஆள் இருக்கு."