சென்னியப்பனின் வலது கால்

"ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்போணும்? அதை மட்டும் சொல்லு அம்மிணி, போயிர்றேன்."

கோகிலவாணி காரைப் பார்க்கவில்லை. சென்னியப்பன் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை திருப்புனீங்க?"

"ஒரு நாப்பது இருக்கும்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமுந்தான்."

அவள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

செட்டிபாளையம் ரோட்டில் அவள் பட்டறை. ரேஸ் ஓட்டுகிறவர்கள் அவளிடம்தான் வண்டியைக் கொண்டுவருவார்கள். வயது இருபத்தெட்டு. பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் வாங்கியவர்கள் கோயமுத்தூரிலேயே ரொம்பப் பேர் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு.

சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று. பம்ப்செட் பட்டறையில் முப்பது வருஷம். ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் இங்கே வந்து நிற்கிறார் என்றால் பாருங்கள்.

நடந்தது இதுதான். காருக்குக் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். இன்ஜினுக்குக் காற்றை இழுக்கிற ஏர் இன்டேக் ஒன்று வெளியே வாங்கினார். காற்றைத் திறந்துவிடுகிற த்ராட்டில் பாடியும் பெரிதாக ஒன்று வாங்கினார். இரண்டையும் தானே மாட்டினார். வண்டி ஓடும்போது பறந்தது. நின்றால்தான் வம்பு. இன்ஜின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் ஆயிரத்துக்குப் போகும், நானூறுக்கு விழும், மறுபடி ஏறும். ஒரு நேரம் பொட்டென்று அணைந்துவிடும்.

அணையும்போதெல்லாம், த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்தே வைக்கிற ஐடில் ஸ்க்ரூவைத் திருகினார். சிக்னலில் நின்றாலும் ஆக்சிலேட்டரில் வலது காலை வைத்தபடியே நின்றார்.

"ஒரு நாள் ரயில்வே கேட்டுல, தண்டவாளத்து மேலயே படுத்துக்கிச்சு அம்மிணி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பேக்கரியில் கூட்டாளிகளிடம் சொன்னபோதும் இப்படித்தான் சிரித்திருந்தார்.

"அப்புறம்?"

"எழுப்பிட்டேன். அரை நிமிஷங்கூட இருக்காது. ரயில் வர்றதுக்கு நேரம் கெடந்துது."

"கூட யாரு இருந்தாங்க?"

"சாந்தாமணி. என் சம்சாரம். எறங்கட்டுமான்னா. இருன்னேன்."

அதோடு சரி. அந்த நாளிலிருந்து சாந்தாமணி காரில் ஏறவில்லை. சண்டையும் போடவில்லை. ரேஷன் கடைக்கு, தங்கச்சி வீட்டுக்கு, பல் ஆஸ்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் டவுன் பஸ்தான். ஏனென்று கேட்டால், வண்டி சரியாகட்டும் என்பாள். ஒரு நாள் மழையில் பஸ் ஸ்டாப்பில் நின்றவள் முன்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அவள் குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாளாம். முகம் தெரியவில்லையாம்.

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

"அவ மறுக்கா வந்து உக்காரோணும் அம்மிணி. வேகமெல்லாம் போனாப் போவுது. பழையதையே மாட்டிர்றதுன்னாலும் செரி."

"பழசை மாட்டுனா உக்காந்துருவாங்களா?"

அவர் யோசித்தார். தெரியவில்லை.

*

கோகிலவாணி முன்மூடியைத் திறந்தாள். ரப்பர் குழாய்களின் கிளிப்பை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எங்கும் காற்றுக் கசியவில்லை. பிறகு ஐடில் ஸ்க்ரூவை ஒரேயடியாக முழுக்கப் பின்னால் திருப்பினாள். அவர் நாற்பது தடவை பார்த்த வேலை ஒரே நிமிஷத்தில் போயிற்று.

"ஏனம்மிணி, முழுசா மூடிட்டியே. அணைஞ்சு போயிருமே."

"வண்டிக்குள்ள ஒரு மூளைப் பெட்டி இருக்குதுங்ணா, ஈசியூன்னு. ஆக்சிலேட்டர்ல இருந்து நீங்க காலை எடுத்தாத்தான் அது வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். நீங்க எடுக்கவே இல்லைன்னு அது நெனச்சுட்டு இருக்குது."

"நான் எடுத்தனே."

"ஸ்க்ரூ எடுக்கலியே."

அவருக்குப் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் பேட்டரி வயரைக் கழற்றி வைத்தாள். பழசை எல்லாம் மூளைப் பெட்டி மறக்கட்டும் என்றாள். இருவரும் டீ குடித்தார்கள். டீ முடிந்ததும் வயரை மாட்டினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. மிதிக்காதீங்க. கால் மணி நேரம். முதல்ல தடுமாறும், அதுவாக் கத்துக்கும். நடுவுல மிதிச்சீங்கன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் சாவியைத் திருப்பினார். முள் ஏறியது. இறங்கியது. அறுநூறு. ஐநூறு. வண்டி உதறியது.

ம்ம் என்று இன்ஜின் சத்தம் உயர்ந்தது.

கோகிலவாணி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

"மிதிச்சீங்க."

"இல்லியே."

"மறுபடி."

மறுபடியும் அதேதான். இந்தத் தடவை அவள் கதவைத் திறந்தாள். குனிந்தாள். அவர் வலது கால் செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், ஸ்பேனர் மாட்டியிருக்கிற பலகையில் ஒரு ஆணியில் மாட்டினாள்.

"கோயிலா அம்மிணி இது?"



வெறுங்காலோடு உட்கார்ந்தார். காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். முள் இறங்கியது. ஐநூறு. நானூற்றைம்பது.

ம்ம்.

"நான் மிதிக்கலை அம்மிணி," என்றார் சென்னியப்பன். அவருக்கே குழப்பமாக இருந்தது. "கால் மிதிக்குது."

கோகிலவாணி வண்டியை அணைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்தாள்.

"இப்படி வாங்க."

"அது சாந்தாமணி உக்கார்ற எடம்."

"அதனால என்ன?"

*

வண்டி வாங்கி ஒன்பது வருஷம். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. சீட் முன்னால் தள்ளியிருந்தது. முட்டி இடித்தது. கதவுப் பையில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது, பழையது.

ஜன்னலுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி உண்டல்லவா? அதைப் பிடித்தார். கையோடு ஆடியது. ஒரு பக்க ஸ்க்ரூ பிய்ந்து வெளியே வந்திருந்தது.

அதை அவர் பார்த்ததே இல்லை.

கோகிலவாணி டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு காலும் சீட்டின் மேல். சாவியைத் திருப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

இன்ஜின் எழுந்தது.

இங்கிருந்து முள் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கூசியது. சத்தம் மட்டும் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது.

"எவ்வளவுல நிக்குது?"

அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி உதறியது. உதறல் சீட்டுக்கு வந்து, முதுகுக்கு வந்து, பல்லுக்கு வந்தது. சத்தம் ஒரு தரம் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.

"அணையப்போவுது. லேசா மிதி அம்மிணி."

அவள் மிதிக்கவில்லை.

"ஒரே ஒரு மிதி."

கட்டிய கையை அவள் அவிழ்க்கவில்லை. அவர் கீழே பார்த்தார். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு. அங்கே ரப்பர் விரிப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

சத்தம் மறுபடி இறங்கியது. அவர் கை கதவைத் தேடியது.

"எறங்கிக்கட்டுமா?"

"இருங்க," என்றாள் கோகிலவாணி.

அவர் இருந்தார். ஆடுகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.  கால் மணி நேரம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். இவள் சொல்ல மறந்திருப்பாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு அம்மிணி?"

கோகிலவாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அரை நிமிஷம்."