கையேட்டின் கடைசி வரி

அரியநாயகம் துறவு கேட்டு ஆசிரமத்துக்கு வந்தபோது அவர் பையில் இரண்டு வேட்டியும் ஒரு தடிப் புத்தகமும் இருந்தன. அரசாங்கம் போட்ட உலக நாடுகள் கையேடு. நாட்டுக்கு நான்கு பக்கம். பரப்பு, எல்லை, மழை, விளைச்சல், ரயில் என்று அத்தனையும் அதில் உண்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறவர் உலகத்தையே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாரே என்று சமையல்கட்டில் சிரித்தார்கள்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா. ஆசிரமத்தின் குரு மங்களேஸ்வரி அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"தீட்சை எப்ப குடுப்பீங்கம்மா?" என்று கேட்டார் வந்த அன்றே.

"கையில இருக்கிற வேலை முடியட்டும்," என்றார் அம்மா.

அவர் கையில் இருந்த வேலை இதுதான். ஆறு வருடத்துக்கு முன் மகன் தில்லைவேல் வெளிநாடு போனான். எந்த நாடு என்று தெரியாது. போன வருடம் ஒரே ஒரு கடிதம் வந்தது. அதையும் ஊருக்கு வந்த யாரோ சென்னையில் தபாலில் சேர்த்திருந்ததால், உறைமேல் நம் ஊர்த் தபால்தலைதான். உள்ளே நான்கு வரி. 'நான் நலம். இங்கே கடல் இல்லை, ரயில் இல்லை. வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், மலைச்சரிவெல்லாம் காப்பி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' ஊர் பெயரும் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை.

வேறு யாராவது என்றால் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். அரியநாயகம் சிவப்புப் பென்சிலைச் சீவினார். கடல் உள்ள நாடுகளை அடித்தார். ரயில் ஓடும் நாடுகளை அடித்தார். மழையையும் காப்பியையும் பார்த்து மற்றவற்றை அடித்தார். கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு குட்டி நாடுகள் மிஞ்சின. அண்ணன் தம்பி மாதிரி அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் பிரிக்க முடியவில்லை. ஆனாலும் விடுகிற ஆள் இல்லை அவர்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"தை மாசம் புதுப் பதிப்பு வருதாம்மா. அதுல இன்னும் விவரம் இருக்கும். எப்படியும் கண்டுபிடிச்சிடுவேன்."

"புத்தகத்தைக் கொண்டாங்க," என்றார் அம்மா. "ரெண்டுல ஒரு நாட்டை வாசிங்க. ஒண்ணையும் விடாம."

அவர் வாசித்தார். பார்க்கத் தேவையே இல்லை, எல்லாம் மனப்பாடம். நான்காம் பக்கத்தின் அடிக்கு வந்ததும் புத்தகத்தை மூடப் போனார். அம்மா விரலை உள்ளே வைத்துத் தடுத்தார்.

"இன்னும் ஒரு வரி இருக்கே."

"அது விலாசம்மா. விவரம் இல்ல."

"வாசிங்க."

'இந்நாட்டிலுள்ள இந்தியர் பற்றி எழுதிக் கேட்க வேண்டிய தூதரகம்' என்று தொடங்கி, மூன்றாவது நாடு ஒன்றின் தலைநகர முகவரியில் முடிந்தது அந்த வரி.

"இப்ப அடுத்த நாட்டோட கடைசி வரி."

பக்கத்தைத் திருப்பினார். முந்தின நாட்டின் பக்கத்துக்குப் போய் மறுபடியும் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ரெண்டுக்கும் ஒரே விலாசம்மா."

ஏழு மாதம்! எந்த நாடு என்று பிரிக்காமலே ஒரு கடிதத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். ஆபீசில் யார் எந்த மனுவை எடுத்து வந்தாலும் முதலில் முகவரியைப் பார்த்த மனிதர் அவர்.

"இந்த வரி கண்ணுல படலையா?" என்றார் அம்மா.

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "பட்டுதும்மா. தினமும் பட்டுது."

"பின்னே?"

"தேடிக்கிட்டிருக்கிற வரைக்கும் எனக்குத் தைரியமா இருந்துச்சு. எழுதிட்டா, பதில் வரும். வராமயும் போகும்."

அம்மா கேட்டார்.

"மழையையும் காப்பியையும் எழுதின பிள்ளை, நாட்டுப் பேரை மட்டும் ஏன் எழுதலை?"

அரியநாயகம் புத்தகத்தைக் கீழே வைத்தார். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"கிளம்புற அன்னிக்குப் பெரிய சண்டை. எங்க வேணா போய்த் தொலை, நீ எங்க இருக்கேன்னுகூட எனக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னேன். பாவிப்பய, சொன்னதை அப்படியே கேட்டிருக்கான்."

அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு தாளும் உறையும் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். அரியநாயகம் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். முதலில் உறையை எடுத்து, கையேட்டைப் பார்த்துப் பார்த்து, தூதரகத்தின் முகவரியை ஓர் எழுத்து பிசகாமல் எழுதினார். அப்புறம் தாளை எடுத்தார். அதில் பேனா நகரவில்லை.

"தூதரகத்துக்கு எழுதத் தெரியும்மா. மனு எழுதின கைதானே. உள்ளே அவனுக்கு ஒரு சீட்டு வைக்கணும். அவனுக்கு என்னன்னு எழுத?"

"அன்னிக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னதையே இப்பக் கேளுங்க," என்றார் அம்மா. "'எங்கேப்பா இருக்கே?' அவ்வளவுதான்."