குணசீலர் திருநாமம்

பொழிலூர் ராஜா மகரவர்மர் நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் பேச்சுதான் அவரிடம் எடுபடும். அன்றைக்குக் கடைசியாகப் பேசியவர் கோயில் அதிகாரி குணசீலர்.

"மகாராஜா, சாமி பேர் சந்தி சிரிக்குது! கொட்டாவி விட்டா 'சிவசிவா'. மாடு சண்டித்தனம் பண்ணினா 'முருகா'. முட்டி வலிச்சா 'நாராயணா'. குளிச்சு முழுகி, கோயில்ல நின்னு சொல்ல வேண்டிய பேரெல்லாம் இப்படிச் சீரழியுது!"

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா. கோயிலுக்கு வெளியே சாமி பேரைச் சொன்னால், வருகிற அமாவாசைக்குள் நாட்டை விட்டே போக வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

முதலில் மாட்டியது யார் தெரியுமா? வாய் சாமர்த்தியத்தாலேயே அரண்மனைச் சோறு சாப்பிடும் முத்திருளனின் பெண்சாதி பவளக்கொடி. அம்மியிலிருந்து குழவி உருண்டு கால் கட்டைவிரலில் விழுந்தது. "முருகா!" என்று அலறினாள். அந்த நேரம் பார்த்து வாசலோடு போனார் குணசீலர். அவருக்கும் முத்திருளனுக்கும் ஏற்கெனவே ஆகாது. விடுவாரா?

சபையில் விசாரணை நடந்தது.

"உன் புருஷன் பேர் என்ன?" என்று கேட்டார் குணசீலர், தெரியாதவர் மாதிரி.

"நல்லா கேட்டீங்க போங்க! புருஷன் பேரை எந்தப் பொம்பளையாவது வாயால சொல்லுவாளா? அதோ, தூணைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான்" என்று மோவாயால் காட்டினாள் பவளக்கொடி.

தூணைப் பார்த்துக்கொண்டிருந்த முத்திருளனுக்கு அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அழுகை முட்டியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கைகட்டி முன்னால் வந்தான்.

"மகாராஜா, உத்தரவுன்னா உத்தரவுதான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கால் இடிச்சா வாய் தானாத் திறக்குது. திறந்த வாயால என்னத்தைச் சொல்றது?"

"'அம்மா'ன்னு சொல்லட்டுமே" என்றார் ராஜா.

"தாயும் தெய்வம், மகாராஜா! கூடவே கூடாது" என்று துள்ளினார் குணசீலர்.

"பார்த்தீங்களா? அதுவும் போச்சு. சாமிக்கு அடுத்தபடியா, பேரைச் சொன்னாலே புண்ணியம்னு சொல்லும்படியா நம்ம ஊர்ல ஒரு பெரிய மனுஷர் இருந்தா, அவர் பேரைச் சொல்லிட்டுப் போகலாம். அப்படி யாரு இருக்கா?"

சபை யோசித்தது. குணசீலர் அங்கவஸ்திரத்தை ஒருமுறை சரிசெய்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு அடக்கம்.

ராஜாவுக்கு விளங்கிவிட்டது. சாமி பேர் வருகிற இடத்திலெல்லாம் இனிமேல் குணசீலர் பேர்தான் வர வேண்டும் என்று சாயங்காலமே தண்டோரா போட்டார்கள்.

முதல் நாள் குணசீலருக்குக் குளுகுளுவென்று இருந்தது. சேற்றில் மாட்டிய வண்டியை நாலு பேர் "குணசீலா! குணசீலா!" என்று தூக்கினார்கள். வண்டியும் எழுந்தது.

மறுநாள் சந்தைக்குப் போனார். "குணசீலர் சத்தியமா இன்னிக்குப் பிடிச்ச மீன்!" என்று ஒருத்தி விற்றுக்கொண்டிருந்தாள். மீன் நாறியது. ஆற்றங்கரைப் புதருக்குப் பின்னால் வயிற்றுக்கடுப்புக்காரன் ஒருவன் முக்கி முக்கி அவர் பேரைச் சொன்னான். குணசீலர் வேறு வழியாக வீட்டுக்கு வந்தார்.

வீட்டு வாசலில் பிச்சைக்காரர்கள் கூட்டம்.

"இங்கே என்னய்யா?"

"எந்த வீட்டுக்குப் போனாலும் 'குணசீலர் குடுப்பார், போ'ங்கிறாங்க சாமி. அதான் வந்துட்டோம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குடியானவன் வந்தான். "மழையில வீடு இடிஞ்சு போச்சுங்க. ஊரே கூடி 'எல்லாம் குணசீலர் செயல்'னு சொல்லுது. என்னை எதுக்குங்க இப்படிச் சோதிக்கிறீங்க? எப்ப கட்டித் தருவீங்க?"

அமாவாசைக்கு முந்தின நாள் காலை. வீட்டில் பவளக்கொடி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சபையிலோ குணசீலர் ராஜா காலில் விழுந்து கிடந்தார்.

"என் பேரை விட்டுடச் சொல்லுங்க மகாராஜா! மானம் போகுது. பழையபடி சாமி பேரையே சொல்லித் தொலையட்டும்!"

"சாமி பேர் சீரழியுமே?" என்று விசாரமாகக் கேட்டான் முத்திருளன்.

"அவர் தாங்குவார்யா! என்னால முடியல!"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் மகாராஜா. ஊர்ல இருக்கிற பொய், முக்கல், முனகல், பிச்சை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம இருக்கார் பாருங்க, அதனாலதான் அவர் சாமி."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். உத்தரவை அங்கேயே ரத்து செய்தார். பவளக்கொடியின் தண்டனையும் அதோடு போயிற்று. கழுத்து முத்துமாலையைக் கழற்றி முத்திருளனுக்குப் போட எழுந்தவர், அங்கி தடுக்கித் தடுமாறி, "ஐயோ, குணசீலா!" என்றார். நாக்குக்குப் பழகிவிட்டதே, என்ன செய்வது?

முத்திருளன் மாலையோடு வீட்டுக்கு ஓடினான். சேதியைக் கேட்டதும் பவளக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையைப் பிரித்தாள். முதல் காரியமாகத் துவையல் அரைக்க உட்கார்ந்தாள். கண் மட்டும் புருஷன் மேலேயே இருந்தது. அதே குழவி உருண்டு, அதே கட்டைவிரலில் விழுந்தது.

பவளக்கொடி வாயைத் திறந்தாள்.

"ஐயோ... முத்திருளா!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. முத்திருளன் அம்மிக்குப் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"சாமி இறங்கி வந்தாச்சு. பக்தைக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். காலைப் பிடிச்சு விடுங்க" என்றாள் பவளக்கொடி.