எந்தப் பாத்திக் கீரை?

மடத்தின் குரு குமுதவல்லி அம்மாவுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபத்தாறு. இவர் அவரைக் கும்பிடுவார், அவர் இவரை "அண்ணா" என்பார். ஊரில் சிலருக்கு இதில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும், யாருக்கென்ன நட்டம்?

அன்று காலை நாச்சிமுத்து ஒரு கட்டு கீரையோடு வந்தார். முகம் சரியில்லை.

"ஒரு சந்தேகமுங்கம்மா. டவுன் சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி நம்ம தோட்டங்களுக்கு விடறாங்களாம். சாயங்காலம் கூட்டம். வேணும்னா கையெழுத்துப் போடணுமாம்."

"உங்க கிணறு?"

"இன்னும் பத்து நாள் தாங்கும். அப்புறம் கீரைத் தோட்டத்தை மறந்துட வேண்டியதுதான். அதை விட்டா எனக்கு வேற என்னங்க இருக்குது?"

"அப்ப போடுங்க."

"அந்தத் தண்ணி நல்லதா கெட்டதான்னு தெரியலீங்களே."

"விட்டுப் பார்த்தீங்களா?"

"போன மாசமே ஒரு லாரித் தண்ணி குடுத்தாங்க. ஒரு பாத்திக்கு விட்டேன். நாத்தமே இல்லீங்க. கீரை சும்மா தளதளன்னு வந்துது."

"அட! ருசி எப்படி?" அம்மாவுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "அது சந்தைக்குப் போகுதுங்க. வீட்டுக்குன்னு கிணத்துத் தண்ணியில தனியா ஒரு பாத்தி வச்சிருக்கேன். மருமக வாயும் வயிறுமா இருக்கறா பாருங்க."

"இந்தக் கட்டு எந்தப் பாத்தி?"

"ஐயையோ, மடத்துக்குப் போய் அதைக் கொண்டாருவேனா? இது வீட்டுப் பாத்திங்க."

அம்மா கட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது சந்தைக்குப் போகட்டும். சந்தைக்கு வச்சதை இங்கே கொண்டாங்க. மதியம் கடைஞ்சு சாப்பிடறேன்."

"வேண்டாமுங்கம்மா!" நாச்சிமுத்து பதறிவிட்டார். "உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?"

அம்மா சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சாயங்காலம் என்ன பண்ணட்டுமுங்க?"

"போறதுக்கு முன்னாடி அந்தப் பாத்தியில ஒரு பிடி பறிச்சு மருமககிட்ட நீட்டிப் பாருங்க, அண்ணா. உங்க கை நீண்டா, கையெழுத்துப் போடுங்க."

"நீளலைன்னா?"

"சந்தைக்கும் கொண்டு போகாதீங்க."