மூன்று கால் தொட்டில்

சுறாப்புட்டைத் தின்றது நீர்தான். முகத்தைத் திருப்பாதீர், உம்மைத்தான் சொல்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று ஆக்கி வைத்த புட்டு. "எனக்கெதுக்கு, நீங்க சாப்பிடுங்க" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாளாம். நீர் சட்டியையே வழித்துவிட்டீராம்! இந்தக் கதை உமக்குத்தான். மற்றவர்களும் கேளுங்கள், குஞ்சு குளுவான்களும் கேளுங்கள்.

முன்னொரு காலத்திலே, மாணிக்கத்துறை நாட்டிலே, ஆவுடை என்றொரு வெங்காயக்காரி இருந்தாள். பேரத்தில் அவளை வென்றவர் கிடையாது. ராஜாவின் சமையல்காரனே அவள் கடைக்கு வந்தால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. வீல் வீலென்று என்ன குரல்! சந்தைக்கென்றே பிறந்த குரல்.

புருஷன் மாசாணம் நல்லவன்தான். ஆனால் ஓசி என்றால் உருகிவிடுவான். தெருவோடு போன மந்திரவாதி ஒருவன் சும்மா கொடுத்தான் என்று ஒரு கருங்காலித் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். பார்த்தால் அதற்கு மூன்றே கால்! நான்காவது மூலைக்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். சும்மா வருகிற சரக்கைத்தானய்யா நாலு தரம் புரட்டிப் பார்க்க வேண்டும்!

குழந்தை அழுதது. தொட்டில் பேசியது.

"ஆடும் தொட்டில் கேட்குது, அம்மா, ஒன்று தா. உன் வெந்நீர்க் குளியலைத் தா, பிள்ளை அழுகையை நிறுத்துகிறேன்."

"குளியலா? எனக்கெதுக்கு? எடுத்துக்கோ."

குழந்தை கப்சிப். ஆவுடையின் பாதம் மரமானது. ஏதோ மரத்துப்போச்சு என்று விட்டுவிட்டாள்.

மறுநாளும் குழந்தை அழுதது.

"ஆடும் தொட்டில் கேட்குது, அம்மா, ஒன்று தா. உன் சுடுசோற்றையும் பூண்டுக் குழம்பையும் தா."

"எனக்கெதுக்கு? எடுத்துக்கோ."

முழங்கால் வரை மரமானது.

மூன்றாம் நாள் தொட்டில் அவள் தூக்கத்தைக் கேட்டது. "எனக்கெதுக்கு?" என்றாள். இடுப்பு வரை மரம்.

நான்காம் நாள் தொட்டிலுக்கு மூச்சு வாங்கியது. "ஆடும் தொட்டில் கேட்குது, உன் பேரைத் தா! ஊரே உன்னைப் பாப்பா அம்மா என்றுதானே கூப்பிடுகிறது? ஆவுடை என்கிற பேர் உனக்கெதுக்கு? தா, தா, சீக்கிரம் தா!"

வாங்குகிறவன் அவசரப்பட்டால் விற்கிறவள் நிதானிக்க வேண்டும். சந்தையில் படித்த பாடம் அது. ஆவுடை தலையை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். தொட்டிலின் ஒவ்வொரு காலிலும் ஒரு பெண் முகம், கண்ணில் ஈரம். மூன்று கால், மூன்று தாய். நான்காவது காலாக நிற்கப்போவது யார்? அப்புறம் குழந்தைக்கு யார்?

"இரு," என்றாள். "முன்னே கொடுத்த சரக்கிலே வில்லங்கம் இருக்கு."

"என்ன வில்லங்கம்?"

"என் சோறுதான் பிள்ளைக்குப் பால். அவளும் பங்காளி. அவளைக் கேட்காம வாங்கினது செல்லாது. கொடு திருப்பி!"

தொட்டில் கிரீச்சிட்டது. ஆவுடையின் முழங்கால் சதையானது.

"நான் தூங்கலைன்னா அவளைத் தூக்குற கை நடுங்கும். அதிலேயும் அவளுக்குப் பங்கு. கொடு திருப்பி!"

இடுப்பும் சதையானது. பாதம் மட்டும் மரம்.

தொட்டில் கெக்கலித்தது. "குளியல்? அதில் பிள்ளைக்கு என்னடி பங்கு, வெங்காயக்காரி? காரணத்தைச் சொல்லு பார்ப்போம்!"

ஆவுடை யோசித்தாள். பிள்ளைக்காக என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. புருஷனுக்காக, ஊருக்காக என்று சொல்லவும் ஒன்றுமில்லை. அப்போது வந்ததே கோபம்!

"காரணமாவது கத்திரிக்காயாவது! எனக்கு வேணும். சூடா, நொச்சி இலை போட்டு, ரெண்டு அண்டா நிறைய எனக்கு வேணும்!"

அந்த ஒரு வார்த்தையை அதுவரை எந்தத் தாயும் அதனிடம் சொன்னதில்லை. தொட்டில் படாரென்று பிளந்தது. பாதமும் சதையாக, ஆவுடை பாய்ந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். மூன்று கால்களும் மூன்று பெண்களாகி எழுந்தன. குழந்தை நாலு நாள் அழுகையையும் சேர்த்து அழுதது.

"அழுடி என் ராசாத்தி, நல்லா அழு!" என்று சிரித்தாள் ஆவுடை.

சத்தம் கேட்டு மாசாணம் ஓடிவந்தான். மூன்று பெண்களும் வளைத்துக்கொண்டார்கள்.

"ஓசித் தொட்டில் வாங்கின மகராசன் நீதானா?"

"தெரியாம செஞ்சுட்டேன், அக்கா!"

"சரி, எனக்குப் பசிக்குது. பூண்டை உரி."

"எனக்கு ஒரு பாயைப் போடு."

"எனக்குத் தலையிலே எண்ணெய் வை... வேண்டாம், சீப்பைக் கொடு, நானே பார்த்துக்கறேன்."

மாசாணம் தொட்டில் மரத்தையே பிளந்து அடுப்பெரித்தான். வெந்நீர் கொதித்தது. "ஆவுடை, நீ போய்க் குளி. பாப்பாவை நான் வச்சுக்கறேன்" என்றான். அவள் இரண்டு அண்டாவும் காலியாகும்வரை குளித்தாள். அவள் பாடிய பாட்டு சந்தை வரை கேட்டது. வந்து சாம்பிராணிப் புகையில் தலையாற்றி, சுடுசோறு தின்று, குப்புறப் படுத்து உறங்கினாள். குழந்தை அப்பன் தோளில் வீறிட்டது. அவன் அதைப் போட்டுக்கொண்டு தெருவை ஏழு சுற்று சுற்றினான்.

ஆவுடை நலம், பிள்ளை நலம், நாடே நலம்.

உம் வீட்டில் எப்படி? எழுந்திரும். உலை வைத்துவிட்டு அவளிடம் போம். வேண்டாம் என்பாள், அதை நம்பித் திரும்பி வராதீர். குழந்தையை உம் தோளுக்கு வாங்கும். தட்டில் ஆவி பறக்கும்போதே அவளை உண்ணச் சொல்லும், உண்டு முடிக்கும்வரை கிட்டேயே நில்லும். கதைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன உட்கார்ந்திருக்கிறீர்?