செல்லையாவின் முதல் நம்பர்

கண் வங்கியின் மெயில் சர்வர் மூன்று நாளாகப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரிகள் தகவல் அனுப்பப் பார்க்கும். தொடர்பு கிடைக்க முழுசாய் முப்பது விநாடி. அங்குள்ள மெஷின்களோ இருபதிலேயே கைகழுவிவிடும். இறந்தவர் கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். நேற்று ஒரு குடும்பம் சம்மதித்த தகவல் எட்டு மணி நேரம் கழித்து, ஆள் மூலமாகத்தான் வந்தது. இரண்டு கண்ணும் மண்ணோடு போயிற்று.

தங்கமாரியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. டைப்பிஸ்டாக இருந்து, ஐம்பத்திரண்டு வயதில் சர்வர் வேலை பழக வந்தவர். பழக்குகிற வஹிதாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"சரியாக்காம வீட்டுக்குப் போகமாட்டேன், டீச்சர். ஆனா எங்கே தப்புன்னே தெரியல."

"என்ன பார்த்தீங்க, அண்ணாச்சி?"

"ஒயரை மாத்தியாச்சு. ஏழு தடவை அணைச்சுப் போட்டாச்சு. மெஷினுக்கு வேலையே இல்ல, சும்மாதான் கெடக்கு. சோம்பேறிக் கழுதை!"

"கேட்டுக்கு வெளியே போயிட்டு உள்ளே வாங்க."

பற்றிக்கொண்டு வந்தது மனுஷனுக்கு. உச்சி வெயிலில் இது என்ன விளையாட்டு? ஆனாலும் போனார்.

திரும்பும்போது வாட்ச்மேன் செல்லையா மறித்தான். "இருங்கண்ணே, கேட்டுட்டு விடுறேன்." சூப்பிரண்டெண்ட் அறைக்குப் போன் போட்டான். அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. அப்புறம் ஆபீசுக்குப் போட்டான். விடச் சொன்னார்கள்.

"எவ்வளவு நேரமாச்சு?" என்றாள் வஹிதா.

"அரை நிமிஷம். சூப்பிரண்டெண்ட் மாற்றலாகி ரெண்டு வருஷமாச்சு, பூட்டின ரூமுக்குப் போன் போடுறான்! தினமும் இதே கூத்து."

"செல்லையா சோம்பேறியா?"

"அவன் என்ன பண்ணுவான், பாவம்? முதல்ல இந்த நம்பரைக் கேளுன்னு யாரோ எழுதிக் கொடுத்து..."

சட்டென்று சர்வர் பக்கம் திரும்பினார்.

சர்வரும் வருகிறவர் பேரை விசாரித்துத்தான் உள்ளே விடும். யாரிடம் விசாரிக்கிறது? அது கேட்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் இருந்தது, பேர் விசாரித்துச் சொல்லிக்கொண்டிருந்து, திங்கட்கிழமை காயலான் கடைக்குப் போன பழைய மெஷினின் முகவரி. இல்லாத அதன் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுத்தான் சர்வர் அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. அட கடவுளே, வண்டியில் தூக்கி ஏற்றியதே அவர்தான்! அந்த வரியை அழித்தார்.

தொடர்பு ஒரே விநாடியில் கிடைத்தது. வந்து விழுந்த முதல் மெயிலே, அரை மணிக்கு முன் இறந்த ஒருவரின் வீட்டுச் சம்மதம். கண் எடுக்கப் போகும் வண்டி உடனே கிளம்பியது.

தங்கமாரியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஜெயிச்சிட்டோம், டீச்சர்!" என்று நாற்காலியை இழுத்தார்.

"உட்காராதீங்க, அண்ணாச்சி. அந்தக் கண்ணு செல்லையா கேட் வழியாத்தான் உள்ளே வரணும்."